கோழிக்கு அரை டிக்கட்

கச்சிமுகம்மது வாயைத் திறந்தால் நிந்தவூரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அது ஒரு காலம். அவன் வராத கல்யாண வீட்டில் சாப்பாடே இறங்காது என்பார்கள். அப்படிப்பட்ட மனிதன் சுனாமிக்குப் பிறகு சொந்த வீட்டில் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான். காரணம், அவன் பெண்சாதி சுல்பிகா சிரித்தால் விழுந்துவிடுவாள்.

பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே விழுவாள். சிரிப்பு வந்ததும் முழங்கால் மடங்கும், தலை தொங்கும், கண் மூடும், பழந்துணி மாதிரிச் சரிந்துவிடுவாள். சற்று நேரத்தில் தானாக எழும்புவாள். போதாததற்குப் பகலில் சோறு வடிக்கும்போதே கண் சொருகும். ஊர் சும்மா இருக்குமா? ஜின் என்றது, சோம்பல் என்றது, தண்ணீர் ஓதிக் கொடுத்தது, கையில் நூல் கட்டியது. கச்சிமுகம்மதுவும் மகள் ஸம்றாவும் மட்டும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவளைப் பாயில் இருத்திவிட்டுத்தான் சிரிக்க வைப்பார்கள்.

அதற்கென்றே ஒரு கூத்து வைத்திருந்தார்கள். வாப்பா பஸ் கண்டக்டர், மகள் கோழி. "கோழிக்கு அரை டிக்கட்" என்பான் அவன். ஸம்றா கொக்கரித்து முட்டையிடுவாள். "இப்ப ரெண்டு பேர், முட்டைக்கும் டிக்கட் எடுங்க!" என்று அவன் கையை நீட்டுவான். அந்த இடத்தில் சுல்பிகா பாயில் சரிந்திருப்பாள்.

சுனாமி வந்த ஞாயிறு காலையிலும் இதே கூத்துதான். அவள் சிரித்தாள், சரிந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே "கடல் வருது" என்று கத்தினார்கள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸம்றாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் ஓடினான். தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. "வாப்பா, என்னையும் தூக்குங்க" என்று பிள்ளை கத்தினாள். ஒரு கையால் அவளைத் தூக்க அவனால் முடியவில்லை. பிடி வழுக்கிவிட்டது.

பிறகு சுல்பிகா பிள்ளையைப் பற்றிக் கேட்டபோது, "ஒரு சத்தமும் போடல்ல புள்ள. ஒண்டும் அறியாமலே போயிட்டா" என்றான். அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதுதான் அவனுக்கு வேலை. அவள் சிரித்து விழுந்தால் அந்தக் காலை ஞாபகம் வரும் என்று பகிடிகளையெல்லாம் வாசலோடு நிறுத்திவிட்டான்.

அப்படியே நாலு வருடத்துக்கு மேல் போனது. நாட்டில் சண்டை முடிந்த வருடம். அதைக் கொண்டாடி ரோட்டில் வெடி கொளுத்திக் கொஞ்ச நாளில், கல்முனைக்கு ஒரு நரம்பு டொக்டர் வருகிறார் என்றார்கள். அழகரெத்தினம் என்று பெயர். அவர் கச்சிமுகம்மதுவை அண்ணன் முறையில் நானா என்று அழைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மூளைக்குள்ள ஒரு சின்ன இடத்தில கொஞ்சம் செல்லுகள் இருக்கு நானா. நம்மள முழிச்சபடி வச்சிருக்கிற ரசாயனத்த அதுகள்தான் சுரக்கிற. இவவுக்கு அதுகள் செத்துப் போச்சு. கனவு காணக்குள்ள எழும்பி ஓடிடாம, மூளை எல்லாருக்கும் கைகாலப் பூட்டி வைக்கும். இவவுக்கு அந்தப் பூட்டு முழிப்பில விழுந்திடுது. சிரிப்பு வந்தா அதுக்குப் போதும்."

"அப்ப ஜின் இல்லையா?" என்றாள் சுல்பிகா.

"ஜின்னும் இல்ல, சோம்பலும் இல்ல. குளிசை தாறன். முழுசா மாறாது, விழுறது குறையும்."

கச்சிமுகம்மதுவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போகிற போக்கில் கேட்டான். "விழுந்து கிடக்கக்குள்ள இவ நித்திரைதானே டொக்டர்?"

"இல்ல நானா, நல்ல முழிப்பு. அசைய ஏலாது, அவ்வளவுதான். பக்கத்தில கதைக்கிற எல்லாம் கேக்கும்."

அவன் திரும்பிப் பெண்சாதியைப் பார்த்தான். சுல்பிகா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறி, காரைதீவு தாண்டியதும் அவன் கேட்டான்.

"அண்டைக்கு ஸம்றா கத்தினது உனக்குக் கேட்டதா?"

"ஓம்."

"ஏன் புள்ள, நீ என்னட்டச் சொல்லல்ல?"

"எனக்காகத்தானே பொய் சொன்னீங்க. நான் கேட்டனென்டு தெரிஞ்சா நீங்க தாங்கமாட்டீங்க."

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

குளிசை குடித்துச் சில வாரம் போனது. ஒரு காலை சுல்பிகா ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றபடி, "இஞ்ச பாருங்க, என்னச் சிரிக்க வைங்க பாப்பம்" என்றாள்.

ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு ஒன்றும் வரவில்லை. எவ்வளவு தேடியும் அந்த ஒன்றுதான் நாக்கில் நின்றது.

"கோழிக்கு அரை டிக்கட்" என்றான்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அடுத்தது ஸம்றாவின் முறை.

சுல்பிகா கொக்கரித்தாள். கோழிக்கே பிடிக்காத கொக்கரிப்பு. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, வாய்விட்டுச் சிரித்தாள். முழங்கால் நடுங்கியது, மடங்கவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நிக்கிறன், பாருங்க. இப்ப எனக்கு ஓடவும் ஏலும், இனி என்னத் தூக்கத் தேவல்ல" என்றாள்.

அவன் முட்டைக்கு டிக்கட் கேட்க வேண்டிய இடம் அது. பழக்கத்தில் கையை நீட்டினான்; அது நீட்டியபடியே இருந்தது.