காந்தம் ஏறிய கைக்கடிகாரம்

அறிவுலகம் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு இது: காந்தவியல் கலைச்சொற்குழு, ஓராண்டு ஆய்வுக்குப் பிறகு, வடதுருவத்தை வடதுருவம் என்றே அழைக்கலாம் என ஒருமனதாக முடிவு செய்துவிட்டது.

அந்தக் குழுவில் உருப்படியாக நடந்த காரியம் ஒன்றுதான். காந்தப் புலத்தை விலக்கிய பிறகும் இரும்பு தன் காந்தத்தை உடனே விடாமல் பின்தங்கி நிற்கிறதே, அதற்குத் 'தயக்கம்' என்று பெயர் வைக்கலாமே என்றாள் உறுப்பினர்களில் ஒருத்தி, இயற்பியல் விரிவுரையாளர். சொன்னது சாப்பாட்டு மேசையில், அக்கா புருஷனிடம். அக்கா புருஷன்தான் குழுத் தலைவர். மறுநாள் கூட்டத்தில் அவர், குளிக்கும்போது தனக்கு உதித்த சொல் என்று அதை வெளியிட்டார். மேசைகள் தட்டப்பட்டன.

குழு வெளியிடப்போகும் கலைச்சொல் நூலில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஆக்கியவர் பெயர் வரும். அந்த ஒரு வரி அவளுக்கு வேண்டும். அக்காவிடம் முறையிட்டாள்.

"விடுடி. வார்த்தை வெளியாள் கைக்கா போச்சு? வீட்டுக்குள்ளதானே இருக்கு."

அன்று கறுவத் தொடங்கினாள்.

தலைவரிடம் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று உண்டு; மாமனார் போட்டது. தானும் தன் கடிகாரமும் பொய் சொன்னதில்லை என்பார். அந்த வாக்கியத்தில் பாதி உண்மை. நூலின் முகப்புப் படத்துக்காக அவளுடைய ஆய்வகத்துக்கு வந்து, மின்காந்தத்தின் பக்கத்தில் முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"காந்தத்துக்கிட்ட வாட்ச் ஆகாது அத்தான். கழட்டிக் குடுங்க, பத்திரமா வெச்சுக்கறேன்."

படம் முடிந்து அவர் காபி குடிக்கப் போன நேரத்தில், பத்திரமாக, இரு துருவங்களுக்கும் நடுவே அதை வைத்து முழு மின்னோட்டத்தையும் விட்டாள். கடிகாரத்தின் எஃகுச் சுருளில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முள் தலைதெறிக்க ஓடும். மின்சாரத்தை நிறுத்தினாலும் எஃகு பிடித்ததை விடாது. அதற்குத் தேக்குத்திறன் அதிகம். அவளுக்கும்தான்.

கடிகாரம் நாளுக்கு நாள் முந்தியது. முதல் வாரம் தலைவர் காலிக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவளுக்கு மனசு குளிர்ந்தது. இறுதிக் கூட்டத்துக்கு, குழுவை அமைத்த நிறுவனத்தின் இயக்குநரே வருகிறார். அவர் எதிரில் இந்த மனிதர் நேரம்கூடத் தெரியாமல் அசடு வழியும்போது, சொல் திருட்டையும் போட்டு உடைப்பது என்று தீர்மானித்தாள்.

ஆனால் தலைவர் தன்னைச் சந்தேகிக்கும் பழக்கம் இல்லாதவர். ஊரே தாமதமாக வருகிறது என்று முடிவுகட்டி, இனித் தாமதமாக வருகிறவர் பெயர் நூலில் இராது என்று சுற்றறிக்கை விட்டார். பெயர் என்றதும் அறிஞர்கள் ஆடிப்போனார்கள். தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் போன் போட்டு மணி கேட்டு, கைபேசி முதற்கொண்டு திருத்திக்கொண்டார்கள். கூடத்துச் சுவர்க் கடிகாரமும் பணிந்தது. இயக்குநரின் உதவியாளரும் ஒரு வார்த்தை கேட்டுவைத்துக்கொண்டார். அவள் மட்டும் கேட்கவில்லை. சரியான மணி கையில் இருக்கிறவள் எதற்குக் கேட்க வேண்டும்?

இறுதி நாளில், குறித்திருந்தபடி சரியாகப் பத்து மணிக்குக் கம்பீரமாக நுழைந்தாள். கூட்டம் பாதி முடிந்திருந்தது.

"மணி பத்துதான் அத்தான். உங்க வாட்ச் வேகமா ஓடுது."

தலைவர் கூடத்தைப் பார்த்தார். கூடம் தன் மணிக்கட்டுகளைப் பார்த்தது. பத்தே முக்கால். இயக்குநருக்கும் பத்தே முக்கால்.

"உங்கப்பா போட்ட வாட்ச்மா. இத்தனை வருஷம் ஒழுங்கா ஓடினது, திடீர்னு ஏன் வேகமா ஓடணும்? நீ இயற்பியல் படிச்சவ, காரணம் சொல்லேன்."

காரணம் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

புத்தகம் அச்சாகிவிட்டது. தாமதமாக வந்ததால் அவள் பெயர் அதில் இல்லை.