ஈரச் செருப்பு

லிஃப்ட் மெக்கானிக்குக் கனவில் குடிக்கிற வழக்கம் உண்டு. குடியை விட்டவர்கள் பலருக்கும் அது வரும், மூளை பழைய தடத்திலேயே ஓடிப் பார்க்கும் என்று பகல்நேர சிகிச்சை மையத்தில் முதல் வாரமே சொல்லியிருந்தார்கள். ஆனால் அன்று விழித்தபோது நாக்கில் ருசி அப்படியே இருந்தது. கட்டிலடியில் கிடந்த செருப்போ சொதசொதவென்று நனைந்திருந்தது. மழை வெளியேதானே பெய்தது?

மனைவி அடுப்பைப் பார்த்து நின்றாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மறுபடி குடித்தால் மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். அவளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ருசியாவது போகட்டும் என்று மகளுடைய மவுத்வாஷை ஊற்றிக் கொப்பளித்துவிட்டு, ஐந்து நிமிட நடையிலிருந்த மையத்துக்குக் கிளம்பினார்.

காலையில் வந்து, குழுவாக உட்கார்ந்து பேசி, மாலையில் வீடு திரும்புகிற இடம் அது. நுழையும்போதே ஒரு கருவியில் ஊத வேண்டும். அவருக்கு முன்னால் நின்ற சலூன்காரர் திரும்பி மூக்கை உறிஞ்சினார்.

“என்ன மாப்ள, இப்படி மணக்குற? பொண்ணு பாக்கப் போறியா?”

ஊதினார். எண் ஏறியது.

அந்தக் கருவி வேலை செய்கிற விதம் அவருக்குத் தெரியும். மூச்சிலுள்ள சாராயம் உள்ளேயிருக்கும் மெல்லிய தகட்டைத் தொட்டால் துளி மின்சாரம் பிறக்கும். சாராயம் கூடக்கூட மின்சாரமும் கூடும். அதுதான் எண்ணாகத் தெரிகிறது. தகட்டுக்குக் கனவெல்லாம் தெரியாது.

வாயில் என்ன பட்டது என்று நர்ஸ் கேட்டாள். சொன்னார். தலையில் அடித்துக்கொண்டாள்.

“அதுலயும் சாராயம் இருக்குண்ணே. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

வாயில் ஒட்டியது கால் மணி நேரத்தில் ஆவியாகிவிடும், ரத்தத்தில் கலந்தது நுரையீரல் வழியாக வந்துகொண்டே இருக்கும் என்றாள். தண்ணீரில் கொப்பளித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னாள்.

வட்டமாகப் போட்ட நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றில் உட்கார்ந்தார். வாசலிலிருந்து அவர் வரைக்கும் செருப்பின் ஈரத் தடம். ஆளில்லாத லிஃப்ட் தானாக ஏறி, கதவைத் திறந்து மூடுவதைப் பார்த்து மிரண்டவர்களிடம், எந்த மாடியிலோ யாரோ பொத்தானை அழுத்தியிருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ராத்திரி அவரை அழுத்திக் கூப்பிட்டது யார்?

மறுபடி ஊதினார். பூஜ்யம்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பை. அவர் பையைப் பார்த்தபடியே வெளியே வந்தார்.

“நான் குடிக்கல,” என்றார்.

“தெரியும். தூக்கத்துல எந்திரிச்சுப் போனீங்க. பின்னாலயே வந்தேன். கடைக் கதவத் தட்டிக்கிட்டே நின்னீங்க.”

“காலையிலயே சொல்லியிருக்கலாமே.”

“நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன்.”

பையிலிருந்து காய்ந்த வேறொரு ஜோடிச் செருப்பை எடுத்துப் போட்டாள். அவர் கால் மாற்றினார். அவளை நிமிர்ந்து பார்க்காமல், நானாகத்தான் திரும்பி நடந்தேனா என்று கேட்டார்.

“கடை மூடியிருந்துச்சு,” என்றாள்.

ஈரச் செருப்பைப் பையில் போட்டு அதன் காதை முடிச்சிட்டாள். இன்றிலிருந்து வெளிக்கதவுச் சாவி தன் தலையணைக்கடியில் இருக்கும் என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.