பாலைப்பழம் கட்டின வாய்

போன வருசம் நெடுங்கேணி வாசிகசாலைப் பட்டிமன்றத்தில தாட்சாயினி மேடை ஏறி, "அவையோருக்கு வணக்கம்" எண்டதோட நிண்டுட்டா. அதுக்குப் பிறகு ஒரு சொல் வரேல்லை. அண்டையில இருந்து அவவுக்குப் பேர் "வணக்கம் அக்கா". மரக்கறி வாங்கப் போனாலும் அந்தக் கேலிதான். இந்த முறையும் வாய் அடைச்சா அணியில இடமில்லை எண்டு தலைவர் சுமன் முகத்துக்கு நேரே சொல்லிப்போட்டார்.

தலைப்பு: பழங்களை ஆக்கினது கடவுளா, பரிணாமமா? சீட்டுக் குலுக்கினதில பரிணாமம் இவவுக்கு வந்துது. வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போற மனுசிக்கு இப்பிடி ஒரு சீட்டு. கடவுள் பக்கம் பேச வந்தவர் கிளிநொச்சிச் செல்வராசா. அரசாங்கக் கச்சேரியில கோப்பு எழுதுற லிகிதராய் இருந்து ஓய்வெடுத்தவர். மணி அடிச்சாலும் பேச்சை நிப்பாட்டமாட்டார்.

அவர் ஒரு கதலிப்பழத்தை உயர்த்திப் பிடிச்சார். "கைக்கு அளவாய் இருக்கு. உரிக்க லேசு, துப்ப விதையில்லை. எங்கட வாயை நினைச்சுத்தானே ஆண்டவன் இதைச் செய்தவன்?"

கைதட்டல் ஓயவே இல்லை. அந்தச் சந்தோசப் புளுகில, தாட்சாயினி சான்றுக்கெண்டு மேசையில வைச்சிருந்த பாலைப்பழப் பையைக் கண்டிட்டார். "இதுவும் எங்களுக்குத் தந்த மிட்டாய்தான்" எண்டு ஒரு பிடி அள்ளி வாயில போட்டார். பிறகு இன்னொரு பிடி.

தாட்சாயினி எழும்பினா. "அவையோருக்கு வணக்கம்."

அவ்வளவுதான். ரெண்டு கொப்பி நிறையப் பாடமாக்கினது எங்க போச்சுதோ. பின்வரிசையில ஆரோ "வணக்கம் அக்கா" எண்டு சிரிச்சான். ஏன்தான் வந்தனோ எண்டு அவவுக்கு அழுகை முட்டிச்சுது.

நடுவர் சிவலட்சுமி ரீச்சருக்குப் பாவமாய்ப் போச்சு. "தங்கச்சி யோசிக்கட்டும். செல்வராசா ஐயா, நீங்கள் ஏதும் சொல்லப் போறீங்களோ?"

அவர் சொல்லத்தான் பாத்தார். உதடு பிரியேல்லை. பாலைப்பழத்துப் பால் ரெண்டு உதட்டையும் ஒட்டிப்போட்டுது. "ம்ம்... ம்ம்ம்" எண்டார்.

தாட்சாயினிக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிப்போட பேச்சும் வந்திட்டுது.

"ஐயா, உங்கட வாய்க்கெண்டு செய்த பழம் உங்கட வாயை ஏன் கட்டினது? இது கரடிக்கும் குரங்குக்கும் பழுக்கிறது. அதுகள் திண்டு, கொட்டையைக் காடு முழுக்கப் போடுதுகள். எந்த மரத்துப் பழம் அதுகளுக்கு ருசிச்சுதோ, அந்த மரத்துக்குத்தான் கண்டுகள் கனக்க முளைக்கும். ஆயிரமாயிரம் வருசம் இப்பிடியே போனா பழம் இனிக்காமல் என்ன செய்யும்?"

சபை நிமிந்து இருந்துது.

"கதலிக்கு வாறன். என்ர அம்மா பதுளைப் பக்கம். அங்க காட்டு வாழைப்பழத்தைக் கடிச்சா பல்லுப் போகும், அவ்வளவு கொட்டை. கொட்டை குறைஞ்ச மரமாய்ப் பாத்துப் பாத்து, குட்டி பிரிச்சு நட்டது மனிசர். கைக்கு அளவாய் இருக்கிறது, கை தெரிஞ்செடுத்தபடியால்."

மணி அடிச்சுது. அவா நிப்பாட்டேல்லை. ரெண்டாந்தரம் அடிக்க ரீச்சருக்கும் மனம் வரேல்லை.

மறுப்புரைக்குச் செல்வராசா எழும்பி, "ம்ம்" எண்டிட்டுக் குந்திட்டார். தீர்ப்பு பரிணாமத்துக்கு. சுமன் கதிரையில ஏறி நிண்டு கை தட்டினார்.

ஆரோ பக்கத்து வீட்டுக் குசினியில இருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து குடுத்தார். செல்வராசா உதட்டில பூசி, மெல்லப் பிரிச்சு, தாட்சாயினிக்கு முன்னால வந்து கைகூப்பினார்.

"வணக்கம், அக்கா" எண்டார்.

அண்டைக்கு அந்தப் பேருக்கு ஒருத்தரும் சிரிக்கேல்லை.