ஆபேல் சொன்ன நேரம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் ஜெபராணிக்கு வேலை. இருபத்துமூன்று வயது. நாளெல்லாம் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண், விடியற்காலையில் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் வேலைக்கு வருகிறாள் என்பது லைனில் வெகுநாள் யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது பக்கத்து மெஷின் ஜஹீருன்னிசா, "யாராச்சும் தொரத்துறாங்களாடி?" என்று மட்டும் கேட்டாள்.

துரத்த யாரும் இல்லை. கூட வர ஒருவன் இருந்தான். அண்ணன் ஆபேல், அதே கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். காலை நாலரைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே வருவான். தண்ணீர் பாட்டில் அவனிடம், கைக்கடிகாரமும் அவனிடம். எத்தனையாவது கல்லை எத்தனை நிமிடத்தில் தாண்டினாள் என்று அவன் சொல்லச் சொல்ல அவள் ஓடுவாள். அப்பா இறந்த பிறகு குடும்பத்தைத் தாங்குகிறவன், நல்லவன். ஒரு குறை உண்டு. யார் எதைக் கேட்டாலும் சரி என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் தனியாகத் தவிப்பான்.

மார்ச் மாதம் பெங்களூரில் மாரத்தான் நடக்க இருந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். வட்டாரக் கம்பெனிகள் சேர்ந்து ஆட்களை அனுப்ப முடிவு செய்தன. அதற்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் வருடக் குடியரசு தினத்தன்று, ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிப் பக்கம் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று வைத்தார்கள். அதை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கிற பெண்கள் மட்டும் பெங்களூர் போகலாம் என்று விளையாட்டுக் குழுச் செயலாளர் சாமுவேல் நோட்டீஸ் ஒட்டினார்.

ஜெபராணிக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு முன்பே அதைவிட அதிக தூரம் ஓடிப் பழகியிருந்தாள். பாலாற்று மணலில் கால் புதையப் புதைய ஓடியிருக்கிறாள். டிசம்பரில் இதே தூரத்தை ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடித்ததாக ஆபேலே சொல்லியிருந்தான்.

"இது நமக்கு ப்ராக்டீஸ்தான். ரெண்டு மணிக்குள்ள போனா போதும். கால் பலத்த பெங்களூருக்கு மிச்சம் வெச்சுக்கோ" என்றான் ஓட்டத்துக்கு முதல் நாள். அதில் தப்பு சொல்ல எதுவும் இல்லை.

சரியாக ஆறு மணிக்குக் கொடி அசைத்தார்கள். ஆண்கள் நாற்பது பேருக்கு மேல். பெண்கள் நாலே பேர். புளியமரங்களுக்கு அடியில் பனி கலையாமல் இருந்தது. லாரிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. அவள் தைக்கும் ஷூக்கள் ஜெர்மனிக்குப் போயின. அவள் காலில் இருந்தது வெள்ளை கேன்வாஸ். ஆபேல் வழக்கம்போல வலது பக்கம் மிதித்து வந்தான்.

பத்தாவது கிலோமீட்டரில், "எவ்ளோ ணா?" என்று கேட்டாள்.

அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். "அம்பத்திரெண்டு. ஜாஸ்தி வேகம். கொஞ்சம் கம்மி பண்ணு."

குறைத்தாள். பதினைந்தில் மறுபடி கேட்டாள்.

"ஒன்னு இருவது. நெறய டைம் இருக்கு. அவசரப்படாத."

மூச்சு வாங்கவே இல்லை. இவ்வளவு நிதானமாக ஓடியும் இந்த நேரம் என்றால் பத்து மாத உழைப்பு உடம்பில் சேர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. பெங்களூரை நினைத்துக்கொண்டாள். அங்கே கடைசிப் பத்து கிலோமீட்டர்தான் ஆளைக் கொல்லும் என்பார்கள். கொல்லாது போலிருக்கிறதே என்ற நினைப்பில் சிரிப்புகூட வந்தது. அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளி மைதானத்தில் முடிவுக் கயிற்றைத் தாண்டியபோது கூட்டம் கைதட்டியது. பெண்களில் அவள்தான் முதல். சாமுவேல் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஃபர்ஸ்ட்டா வந்துட்டம்மா. ஆனா ரெண்டு மணி நாலு நிமிஷம்."

"இல்ல சார். ஒன்னு அம்பத்தாறு இருக்கும். அண்ணன் பாத்துக்கினேதான் வந்துச்சு."

அவர் மேஜைமேல் இருந்த மூன்று கடிகாரங்களையும் காட்டினார். மூன்றிலும் ஒரே நேரம்.

ஆபேல் சைக்கிளை மதிலோரம் நிறுத்திக்கொண்டிருந்தான். அவள் நேராகப் போய் அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். மணி எட்டு ஆறு. கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருந்தது. அவன் வாய்தான் மாற்றிச் சொல்லியிருந்தது.

"இன்னா ணா இது?"

அவன் கையை இழுத்துக்கொண்டான். "காட்பாடிக்காரங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன். பையன் ரயில்வேல இருக்கான். பொண்ணு ரோட்ல ஓடுதாமேன்னு கேட்டாங்க. ஜனவரியோட வுட்ரும்னு சொன்னேன்."

"எப்போ சொன்னே?"

"நவம்பர்ல."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவே. நிறுத்துன்னு சொல்லவும் எனக்கு வாய் வர்ல, ராணி. டைம் பத்தலன்னா நீயே மனசு வுட்டு நின்னுடுவேன்னு நெனச்சேன்."

"அப்போ ரெண்டு மாசமா எதுக்குக் காலைல கூட வந்தே?"

"இருட்டுல தனியா போவியே."

அவளால் அழ முடியவில்லை. அவன் அடித்திருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள். கேன்வாஸைப் பூட்டி வைத்திருந்தால் வெறுங்காலோடு ஓடியிருப்பாள். அவனோ தினமும் எழுந்து வந்தான், தண்ணீர் கொடுத்தான், சபாஷ் சொன்னான். அவள் காலைக் கொண்டே அவளைத் தோற்கடித்திருக்கிறான்.

சாமுவேல் பின்னாலேயே வந்திருந்தார். "எங்க தப்பாச்சும்மா?" என்றார்.

"எண்ணுறதுல தப்பாயிடுச்சு சார்" என்றாள். அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அப்படி வராததும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஓடியவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி லாரி ஆம்பூருக்குக் கிளம்பியது. ஜெபராணி ஏறவில்லை. வந்த ரோட்டிலேயே திரும்பி நடந்தாள். நாலு புளியமரம் தாண்டியதும் ஓட ஆரம்பித்தாள். எவ்வளவு தூரம் என்று யோசிக்கவில்லை. அவன் பக்கத்தில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். காலையில் ஓடியிருக்க வேண்டிய வேகத்தில் இப்போது ஓடினாள். மிச்சம் வைத்த பலம் முழுவதும் காலில் இருந்தது. அது இருப்பதே வலித்தது.

ஆபேல் சைக்கிளில் பின்னால் வந்தான். கொஞ்ச தூரம் போனதும் கிட்டே வந்து, "தண்ணியாவது குடி" என்றான். அவள் திரும்பவில்லை. ரோட்டோரத் தென்னந்தோப்பில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்த் தொட்டியில் குனிந்து இரு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு மறுபடி ரோட்டுக்கு ஏறினாள். அவன் அதற்குப் பிறகு கிட்டே வரவில்லை.

வெயில் ஏறியது. இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது கால் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் நடைதான். ஊர் எல்லையில் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம் வந்தபோது ஒரு கட்டைவிரல் நகம் பெயர்ந்து கேன்வாஸ் சிவந்திருந்தது.

வீட்டு வாசலில் அம்மா ஜெயபுஷ்பம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தையும், நூறடி பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் மகனையும் பார்த்தாள்.

"சொல்ட்டானா?" என்றாள்.

ஜெபராணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு தூரம் வந்ததில் ஆகாத களைப்பு அந்த ஒரு வார்த்தையில் ஆனது. "உனக்கும் தெரியுமா?" என்று கேட்க நினைத்தாள். கேட்க என்ன இருக்கிறது.

"காட்பாடிக்கு நான் போமாட்டேன். வாக்கு குடுத்தவங்க போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.

சொல்ல வேண்டிய வேலையே வரவில்லை. ஈஸ்டர் முடிவதற்குள் காட்பாடிக்காரர்கள் அரக்கோணத்தில் வேறு பெண் பார்த்து முடித்துக்கொண்டார்கள். அந்த வருடம் ஆம்பூரிலிருந்து பெங்களூருக்குப் பெண்கள் யாரும் போகவில்லை.

ஓட்டத்தை அவள் விடவில்லை. நாலரைக்குப் பதில் நாலு மணிக்கே கிளம்பினாள். முதல் ஒரு வாரம் ஆபேலும் எழுந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான். பிறகு எழுவதை நிறுத்திவிட்டான். பேச்சு நிற்கவில்லை. ரேஷன், கரண்ட் பில், அம்மாவின் மூட்டுவலி என்று ஒரு வீட்டில் பேசிக்கொள்ள ஆயிரம் இருக்கிறது. அவன் மன்னிப்பும் கேட்டான், ஆராதனை முடிந்து வரும் வழியில். "சரி வுடு" என்றாள். விடத்தான் பார்த்தாள். ஆனால் அவன் மழை வரும் என்று சொன்னால்கூட ஒருமுறை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுத்தாள்.

அடுத்த வருடம் இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவாக ஓடித் தேர்வானாள். பெங்களூருக்குப் புறப்பட்ட அன்று ஆபேல் ஸ்டேஷனுக்கு வந்தான். சாமுவேலும் மற்ற ஓட்டக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினான். இட்லி, மிளகாய்ப்பொடி.

"வழியில சாப்புடு. நல்லா ஓடு" என்றான்.

எல்லோரும் பார்க்கிறார்களே என்று வாங்கிக்கொண்டாள். ரயில் நகர்ந்து, பிளாட்பாரம் மறையும்வரை மடியில் வைத்திருந்தாள். எதிர் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு கிராமத்துப் பெண் இருந்தாள்.

"இது நீங்க சாப்புடுங்கக்கா. எனக்குப் பசியில்ல" என்று பொட்டலத்தை அவளிடம் கொடுத்தாள்.

ஜோலார்பேட்டையில் இறங்கி இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றாள்.