நோன்பாளியின் மூச்சு

ஒலி முகம்மதுவுக்கு இரசாயனப் பரீட்சையில் ஒரேயொரு பயம், வாயில் வைக்கும் அந்தக் கண்ணாடிக் குழல்தான். பிப்பெட் என்று பெயர். அமிலத்தை வாயால் உறிஞ்சி, கீறியிருக்கும் கோட்டுக்கு மேலே ஏறியதும் மேல்நுனியை விரலால் அடைக்க வேண்டும். வெள்ளைக்காரன் வித்தையைப் பாருங்கள், அமிலத்தை மோர் மாதிரி உறிஞ்சச் சொல்கிறான்! மற்ற நாளென்றால் அதையும் செய்துவிடுவான். பரீட்சை வந்து விழுந்ததோ ரமலான் மாதத்தில். ஒரு துளி தொண்டையில் இறங்கினாலும் நோன்பு போச்சு.

வருஷம் 1907. சிப்பாய் லைன்ஸ் பக்கம் இருந்த வைத்தியப் பள்ளியில் அவனுக்கு முதலாண்டு. இதே பரீட்சையில் ஒரு தடவை தோற்றாகிவிட்டது. இன்னொரு தடவை தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் சூலியா தெருவில், வாப்பாவின் கைலிக் கடையில், ஆயுசு முழுக்கத் துணி மடிக்க வேண்டியதுதான்.

படிக்காமல் தோற்றானா என்றால் அதுதான் இல்லை. கீழே குடுவையில் அமிலம், அதில் இரண்டு சொட்டு நிறங்காட்டி. மேலே பியூரெட் என்ற நீளக் குழாயில் காரம். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனால் ஏதோ ஒரு சொட்டில், அந்த ஒரே சொட்டில், வெறும் தண்ணீர் போலிருந்தது அத்தனையும் இளஞ்சிவப்பாக மாறும். அதோடு குழாயின் திருகை மூடிவிட வேண்டும். இவன் என்ன செய்தான்? "சுபுஹானல்லாஹ்!" என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மூடாத பியூரெட் அது பாட்டுக்குக் கொட்டி, குடுவை ரோஜா சர்பத்தாகிவிட்டது.

"ஒரு நோன்புதானேடா, அப்புறம் வச்சுக்கக் கூடாதா?" என்று கெஞ்சினான் கூடப் படிக்கும் சூசைநாதன். "இல்லாட்டி பரீட்சை நடத்துற துரைகிட்டக் கேளு, நான் உறிஞ்சித் தர்றேன்."

"நீ உறிஞ்சினா நீதான் பாஸாவே. போடா."

பரீட்சையன்று மேசையில் ஓர் உயரமான அளவு ஜாடி இருந்தது. ஒலி அதில் அமிலத்தை நிறைய ஊற்றினான். பிப்பெட்டை நேராக உள்ளே இறக்கினான். வெளியே எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குக் குழலுக்குள்ளும் அமிலம் தானாகவே ஏறிற்று. கோட்டைத் தாண்டியதும் விரலால் அடைத்துத் தூக்கினான். அட, இவ்வளவுதானா! உதடே படவில்லை.

கோட்டளவு அமிலம் குடுவைக்குப் போய், நிறங்காட்டியும் சேர்ந்த பிறகு, பியூரெட்டின் சொட்டுகள். ஒன்று விழுந்த இடத்தில் சிவப்பு சுருண்டது, குலுக்கினால் மறைந்தது. இன்னொன்று. இன்னொன்று. குனிந்து, குடுவையின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய், மூச்சு வாங்கப் பார்த்தான். அடுத்த சொட்டில் குடுவை முழுக்க நிறம் பரவியது, விடியற்கால வானத்தில் தெரியுமே, அத்தனை மெலிசாக. கை தானாகத் திருகை மூடியது. அளவைக் குறித்துக்கொண்டான். அப்புறம் யார் தடுத்தாலும் அவனால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குனிந்தபடியே கிடந்தான்.

பரீட்சைத் துரை அவன் மேசைக்கு வந்தபோது குடுவையில் நிறமே இல்லை.

"இன்னும் முடியவில்லையே. முன்னாலேயே நிறுத்திவிட்டாய்," என்றார் துரை ஆங்கிலத்தில். பேனா தாளை நோக்கி இறங்கியது.

ஒலி குடுவையை உற்றுப் பார்த்தான். கண்ணால் பார்த்தானே! கண்ணெதிரே வந்த நிறம் எங்கே போய்த் தொலைந்தது? குடுவையிலிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. அப்படியானால் ஏதோ உள்ளே போயிருக்கிறது. குனிந்து நின்றவன் இவன் ஒருவன்தான். இவன் விட்டதோ மூச்சு ஒன்றுதான்.

மூச்சு! சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதினால் பாலாக வெளுப்பதை முதல் வாரமே செய்து காட்டினார்களே. அது மூச்சிலுள்ள கரியமில வாயு. தண்ணீரில் கரைந்தால் அதுவும் அமிலம்தான்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றான். ஒரே ஒரு சொட்டு காரம் விட்டான். நிறம் திரும்பியது. துரையின் பேனா நின்றது. துடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றைக் குடுவைக்குள் விட்டு, மறுமுனையில் உதட்டை வைத்தான். உறிஞ்சினால்தானே நோன்புக்கு ஆபத்து, ஊதினால் என்ன? குமிழிகள் எழுந்தன. அவன் ஊத ஊத நிறம் வெளிறி, வெளிறி, இல்லாமலே போனது.

துரை குடுவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒலி குறித்திருந்த அளவைத் தம் நோட்டோடு ஒப்பிட்டார். மீண்டும் குடுவையைப் பார்த்தார். தாளில் ஏதோ எழுதி, போகலாம் என்று தலையசைத்தார்.

ஒலி தாழ்வாரத்துக்கு வந்தான். கால் தரையில் பாவவில்லை. சூசைநாதன் ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"என்னடா ஆச்சு?"

"சூசை, கையை நீட்டு."

நீட்டிய உள்ளங்கையில் ஒலி மெதுவாக ஊதினான். அவன் கண் நிறைந்திருந்தது.

"இதுல அமிலம் இருக்குடா. பொறந்ததுலேர்ந்து நாம இதைத்தான் விட்டுக்கிட்டிருக்கோம். நீ, நான், துரை, ரிக்‌ஷா இழுக்கிறவன், எல்லாரும்."

"டேய், பாஸா இல்லையா, அதைச் சொல்லு லா!"

ஒலி திருதிருவென்று விழித்தான். துரை தாளில் என்ன எழுதினார் என்று அவன் பார்க்கவே இல்லை.