காந்தம் ஒட்டிய சங்கிலி

கைப்பேசியில் மூன்று வீடியோ பார்த்துவிட்டால் போதும், நாத்தனாருக்கு எல்லாம் அத்துப்படி. விடுமுறைக்குக் கணவரோடு அம்மா வீட்டுக்கு வந்தவள், ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தைப் பிடுங்கி, தம்பி மனைவியின் சங்கிலியில் வைத்தாள். கல்யாணமாகி வந்து இரண்டே வாரம் ஆன பெண் அவள். கொக்கியில் காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்தியாம்மா? தங்கத்துல காந்தம் ஒட்டாது. இது கவரிங்!" தன் வளையலிலும் வைத்துக் காட்டினாள். வழுக்கி விழுந்தது. "இதுதான் தங்கம்!"

மாமியாரின் முகம் சுருங்கியது. மருமகள் சங்கிலியைக் கையால் பொத்திக்கொண்டாள். அது அவள் அம்மா வருஷக்கணக்காகத் தையல் மெஷினை மிதித்து வாங்கித் தந்த சங்கிலி. கடைக்காரன் ஏமாற்றியிருந்தாலும் போகட்டும். அம்மா ஏமாற்றிவிட்டாள் என்ற பேச்சை மட்டும் அவளால் தாங்க முடியாது.

"வாங்க அண்ணி, நகைக்கடைக்கே போய்க் கேப்போம்."

கடைக்காரர் சங்கிலியை உரைகல்லில் இழுத்து, கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். கோடு அப்படியே இருந்தது.

"அசல் இருபத்திரண்டு காரட்மா. இருபத்திநாலு பங்குல இருபத்திரண்டு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும்."

"அப்ப காந்தம் ஏன் ஒட்டுச்சாம்?" நாத்தனார் விடுவதாக இல்லை.

"கொக்கிக்குள்ள குட்டி ஸ்பிரிங் இருக்கு பாருங்க, அது ஸ்டீல். தங்கத்துல ஸ்பிரிங் செஞ்சா நிக்காது."

அத்தோடு திரும்பியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? வளையலைக் கழற்றி நீட்டினாள். "இதையும் உரசுங்க. நல்ல தங்கம்னா என்னன்னு இவ பாக்கட்டும். எங்க வீட்டுக்காரர் ஆசையா வாங்கிக் குடுத்தது."

கடைக்காரர் அழுத்தி இழுத்தார். சொட்டு பட்டதும் கோடு பச்சையாகப் பொங்கி மறைந்தே போயிற்று.

"தங்க முலாம்மா. உள்ள செம்பு. செம்புலயும்தான் காந்தம் ஒட்டாது."

வழியெல்லாம் மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

வாசலிலேயே மாமியார் மறித்தாள். பின்னால் நாத்தனாரின் வீட்டுக்காரர், முகத்தில் ஈயாடவில்லை.

"என்னாச்சு? எது போலி?"

மருமகள் நிதானமாகச் செருப்பைக் கழற்றினாள். "காந்தம்தான் சரியில்ல அத்தை. ரெண்டும் தங்கம்."

வீட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாத்தனார் மருமகளின் கையை ஒரு முறை இறுகப் பிடித்து விட்டாள். பிறகு கணவர் பக்கம் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"உள்ள வாங்க. இன்னும் ஒருத்தரை உரசிப் பாக்க வேண்டியிருக்கு."