கிருத்திகையன்று கருவாட்டுக் குழம்பு

1

போன வாரம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். முதல் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டுக்காரர் ஒருவர், முன்பின் அறியாதவர், என் தோளைத் தொட்டு, "சாப்டீங்களா சார்?" என்றார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும், "ஆச்சு, ஆச்சு" என்றேன். அவர் திருப்தியாக அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பசியோடு வீட்டுக்கு வந்து இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

ஆக, இது ஒரு சின்னப் பொய்யில் பிறந்த கதை. பெரிய பொய் ஒன்று நடுவில் வருகிறது. வரும்போது நானே காட்டிக்கொடுத்துவிடுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"வானம் பொய்த்த அந்த ஆண்டில், பூமித்தாய் வாய் பிளந்து…"

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் ஆட்கள் வந்து சேரவே பத்துப் பக்கம் ஆகும். இரண்டாவது:

"உண்ணாமலையின் புருஷன் வீரபத்திரன் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது…"

இது பரவாயில்லை. இங்கிருந்தே போவோம்.

1983 கோடை. பெருநகர் பக்கம் ஒரு கிராமம். (பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் பஸ் ஏறிப் போய் விசாரிப்பீர்கள்.) மழை கண்டு இரண்டு வருஷம். ஏரியில் மாடு மேய்ந்து, பிறகு மேயவும் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றியபோது, உண்ணாமலையின் பம்புசெட்டுக் கிணறு மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தது. காலை ஆறு மணிக்குக் கரண்ட் வரும், எட்டுக்குப் போய்விடும். அந்த இரண்டு மணி நேரம் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, வீட்டுக்கு இரண்டு குடம் என்று அவளே நின்று ஊற்றுவாள். நாற்பது வீடு.

வீரபத்திரன் போன பிறகு அவள் தெருவில் வந்தால், நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். யாரும் திட்டியதில்லை. பேசியதும் இல்லை. போகப் போக அவளே முனையில் ஒதுங்கி நின்று, ஆட்கள் போன பிறகு நடக்கப் பழகிக்கொண்டாள். இப்போது ஊரே காலையில் எழுந்ததும் குடத்தோடு அவள் முன்னால் வந்து நிற்கிறது.

"ஆறு வர்சமா என் மூஞ்சப் பாத்தா ஆவாதுன்னு ஒதுங்கிக்கினு இருந்தீங்க. இப்போ பாரு, ஊருக்கே என் மூஞ்சிலதான் பொழுது விடியுது" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். வரிசையும் கூடச் சிரிக்கும், கொஞ்சம் சங்கடத்தோடு.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மழை வந்துவிட்டால் இவர்கள் வரமாட்டார்களே என்று அவள் மனதுக்குள் ஒரு பயம் இருந்தது; அப்படிப் பயப்படுவதற்காக வெட்கமும் பட்டாள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.)

3

பேச்சில்லாமல் ஒருத்தரும் தன் தொட்டியை விட்டுப் போகக்கூடாது என்பது அவளுடைய வைராக்கியம். பேசப்படாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"வா முனிம்மா. முட்டிவலி எப்டி கீது? கஞ்சி குடிச்சியா?"

"இன்னா சின்னராசு, கண்ணெல்லாம் செவந்து கீது? தூங்கலியா? சாப்ட்டியா?"

"சொசைட்டி சார், நாஷ்டா ஆச்சா?"

கடைசி ஆள் நான்தான். அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. காஞ்சிபுரத்துத் தறிக்கார வீட்டுப் பிள்ளை, அந்த ஊரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

நம் ஜனங்களுக்கு அன்பைக் காட்ட அந்த ஒரு கேள்விதான் இருக்கிறது. பஸ்ஸில் பார்த்தாலும், ஆஸ்பத்திரியில் பார்த்தாலும், எழவு வீட்டில் பார்த்தாலும் அதுதான். சாப்பிட்டிருப்பார்கள் என்ற தைரியத்தில் கேட்கிற கேள்வி. அந்தக் கோடையில் அந்தத் தைரியம் யாருக்கும் இல்லை. வரிசையில் பாதிப் பேர் வெறும் வயிற்றோடுதான் நின்றார்கள். எல்லாரும் "ஆச்சு" என்றார்கள். அவள் நம்பினாள், அல்லது நம்புகிற மாதிரி இருந்தாள்.

இனி பாஞ்சாலி. பக்கத்துத் தெரு, முப்பது வயசு. புருஷன் எல்லப்பன் உழவுமாட்டைச் சந்தையில் விற்றுவிட்டு, மெட்ராசில் கட்டட வேலைக்குப் போனவன், கடுதாசி இல்லை. ஊரே உண்ணாமலையைப் பார்த்து ஒதுங்கியபோது, இவள் ஒருத்திதான் தங்கச்சிக்குப் பரிசம் போடக் கிளம்பிய காலையிலும் நேராக எதிரே வந்து, "போய்ட்டு வரேங்க்கா" என்று சொல்லிக்கொண்டு போனவள். உண்ணாமலை அதை மறக்கவே இல்லை. வரிசையில் பாஞ்சாலி தலை தெரிந்தால் அவள் முகமே மாறிவிடும்.

அன்று:

"வாடி பாஞ்சாலி. சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா."

அத்தோடு விட்டிருக்கலாம். பிரியம் கூடினால் நாக்கு சும்மா இருக்காது.

"பழையதுக்கு இன்னா தொட்டுக்கின?"

பாஞ்சாலி குடத்தை இறக்கி வைத்தாள். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "கருவாட்டுக் கொயம்பு."

அவளுக்குப் பின்னால் நின்ற முனியம்மாள் சிரித்துவிட்டாள். "இன்னாடி இது, கிருத்திகையும் அதுவுமா கருவாடா?"

அன்று கிருத்திகை. அந்த ஊரின் இரண்டு தெருவிலும் ஒரு வீட்டில்கூடக் கவுச்சி வாசனை வராது. மூன்று நாளாக அடுப்பு மூட்டாதவளுக்குக் கிழமையும் நட்சத்திரமும் எங்கே நினைவில் இருக்கும்? வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாஞ்சாலி அரைக் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள்.

4

மேலே இருப்பதில் ஒரு பொய்.

கிருத்திகையைச் சொல்லிச் சிரித்தது முனியம்மாள் இல்லை. நான்.

முனியம்மாள் அன்று செய்தது ஒன்றே ஒன்றுதான்: சாய்ந்து விழப் போன குடத்தைப் பிடித்து நிமிர்த்தினாள். அவளுக்குப் போய் என் வாயைக் கொடுத்துவிட்டேன். ஆபீசில் தினமும் நாள்காட்டித் தாளைக் கிழிக்கிறவன் நான். கிருத்திகை என்று எனக்குத்தான் பளிச்சென்று தெரியும். "என்னம்மா, இன்னிக்குக் கிருத்திகையாச்சே, கருவாடா?" என்று, வேடிக்கையாகப் பேசுகிறவன் மாதிரி, சிரித்துக்கொண்டே கேட்டேன். அன்று காலை நான் இட்லி சாப்பிட்டிருந்தேன். இரண்டு வருஷம் அந்த ஊரில் இருந்தும், அவள் பெயர் பாஞ்சாலி என்பதே உண்ணாமலை கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த வாக்கியங்களை ஒன்பது முறை அடித்துவிட்டு எழுதினேன். பத்தாவது முறை அடிக்காமல் விடுகிறேன்.

5

உண்ணாமலை என்னை ஒன்றும் சொல்லவில்லை. தப்பு முழுக்கத் தன்னுடையது என்று நினைத்தாள். "நான் ஏன் தொட்டுக்கினது கேட்டேன்" என்று முனியம்மாளிடம் இரண்டு முறை சொன்னாளாம்.

அன்றே வண்டிக்காரன் சின்னராசுவிடம் நிறைகுடம் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். அவன் பாஞ்சாலி வாசலில் இறக்கிவிட்டு வந்தான். சாயங்காலம் வரை அது அங்கேயே இருந்தது. மறுநாள் கம்பும் கேழ்வரகும் அனுப்பலாமா என்று எடுத்து வைத்தவள், பிறகு அனுப்பவில்லை. தண்ணீரையே வாங்காதவள் தானியத்தை வாங்குவாளா?

பாஞ்சாலி விடிந்ததும் கிளம்பி இரண்டு மைல் நடந்து செய்யாற்றுக்குப் போய், மணலைத் தோண்டி ஊற்று எடுத்துத் தண்ணீர் கொண்டுவருகிறாள் என்று சின்னராசுதான் வந்து சொன்னான்.

"அவ்ளோ தூரமா? வயித்துல ஒண்ணுமில்லாத?"

"இன்னாக்கா பண்றது. ரோசம்."

அதற்குப் பிறகு உண்ணாமலை யாரையும் எதுவும் கேட்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஊற்றினாள். குடங்கள் நிறைகிற சத்தமும் மோட்டார் சத்தமும்தான். வரிசைக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீது? நாம எதுனா பேஜார் பண்ணிட்டோமா?" என்று பின்னால் முணுமுணுத்தார்கள். பொய் சொல்ல வைத்த கேள்விதான். ஆனால் அதைக் கேட்க ஒருத்தி இருந்தாளே என்று இப்போது ஏங்கினார்கள்.

அவளுடைய ஏக்கம் வேறு. ஒவ்வொரு காலையும் வரிசையின் கடைசி வரை கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். நாற்பது வீட்டில் ஒரு வீடு குறைவு. எட்டு மணிக்குக் கரண்ட் போன பிறகும் தொட்டியடியிலேயே கொஞ்ச நேரம் நிற்பாள். ஒருவேளை தாமதமாக வந்தால்? (இதையும் நானாக எழுதுகிறேன். ஆனால் அவள் நின்றது நிஜம்.)

6

பன்னிரண்டாம் நாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பித் தளும்பியது. உண்ணாமலை என் கையில் ஊற்றுகிற வாளியைக் கொடுத்தாள்.

"சார், இன்னைக்கி ஒரு நாள் நீங்க ஊத்துங்க. நா ஆத்துக்குப் போய்ட்டு வரேன்."

"ஆத்துக்கா? எதுக்கு?"

"தண்ணிக்கு."

இடுப்பில் ஒரு வெறும் குடம். தளும்புகிற சொந்தத் தொட்டியைத் தாண்டி, ஊர் பார்க்க, அவள் ஆற்றுப் பாதையில் நடந்தாள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எனக்குத்தான் தாமதமாகப் புரிந்தது: கொடுத்துப் பார்த்தாள், பாஞ்சாலி வாங்கிக்கொள்ளவில்லை, இனி அவளிடமே கேட்கப் போகிறாள்.

நான் ஊற்றினேன். வந்த முகங்களில் ஐந்தாறு பேரின் பெயர்தான் தெரிந்தது. மற்றவர்கள் குடத்தை நீட்டினார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் குடம் நிறைந்த பிறகும் நகராமல் நின்றார்.

"என்ன?" என்றேன்.

"இல்ல சார், அக்கா இருந்தா எதுனா கேக்கும்."

"என்ன கேக்கும்?"

"எதுனா."

வாளியைத் தொட்டியில் முக்கி எடுத்தேன். கடைசியில், "உங்க பேர் என்ன?" என்று கேட்டேன். "வீராசாமி" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களிடமும் அதையே கேட்டேன். அம்முலு. வரதன். ஒவ்வொரு பெயரையும் கேட்கக் கேட்க எனக்குக் கூச்சம் அதிகமாயிற்று.

7

ஆற்றில் நடந்ததை நான் பார்க்கவில்லை. மூன்று விதமாக எழுதினேன்.

அ) "இன்னாக்கா, உன் கெணத்துல தண்ணி இல்லியா?" "கீது. உன் தண்ணி வோணும்." இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (படிக்கிறவர்களுக்கும் கண் கலங்கும். ஆனால் பன்னிரண்டு நாள் ரோசம் ஒரு வரியில் கரையுமா?)

ஆ) பாஞ்சாலி தலை நிமிரவில்லை. "அதோ அங்க ஈரமா கீது, நீயே தோண்டிக்கோ." உண்ணாமலை முழங்காலிட்டுத் தோண்டுகிறாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழிகள். (இது எனக்குப் பிடித்திருக்கிறது.)

இ) பாஞ்சாலி சொல்கிறாள்: "உன் மேல கோவம் இல்லக்கா. அந்த சார் பாவம், தெரியாம கேட்டுட்டாரு. அவர்கிட்ட சொல்லு…"

பாருங்கள். பாஞ்சாலியின் வாயில் எனக்கு மன்னிப்பு எழுதி வைத்திருக்கிறேன். பட்டினி கிடப்பவளிடமும் எனக்கொரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. அடித்துவிட்டேன்.

8

நான் பார்த்தது இவ்வளவுதான். அன்று சாயங்காலம் உண்ணாமலை வாசலில் அந்தக் குடம் இருந்தது. நிறைந்திருந்தது, அடியில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. அதிலிருந்து நான்காம் நாள் காலை பாஞ்சாலி வரிசைக்கு வந்தாள். "வாடி" என்று மட்டும் சொல்லி உண்ணாமலை ஊற்றினாள். மறுநாளிலிருந்து மற்றவர்களிடமும் பழையபடி வாய் திறந்தாள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் மழை வரும் வரை யாரையும் கேட்கவில்லை.

மணலில் ஊற்று சுரப்பது மெதுவாகத்தான். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஊற்றி, ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணி நேரம் இரண்டு பெண்களும் அந்தக் குழியின் கரையில் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். என்ன பேசினார்கள்? பேசினார்களா? கதையின் முடிவு அங்கேதான் இருக்கிறது. என்னிடம் இல்லை.

உண்ணாமலையிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வரிசையில் பாஞ்சாலிக்கு மூன்று ஆள் பின்னால் இன்னும் ஐந்து மாதம் நின்றேன். அவள் திரும்பும்போதெல்லாம் குனிந்து என் குடத்துக்குள் பார்த்தேன். பிறகு மாற்றல் வந்தது, வந்துவிட்டேன்.

9

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. பாஞ்சாலி அங்கேதான் இருக்கிறாள். எல்லப்பன் திரும்பி வந்து பயிர் வைக்கிறான் என்று கேள்வி.

இந்தக் கதையை எழுதி முடித்துவிட்டால் அங்கே போக வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன் போலிருக்கிறது. அதனால் முடிக்காமல் விடுகிறேன். அந்த அரை மணி நேரத்தை உங்களிடம் கொடுக்கிறேன். வெறும் குடத்தோடு வந்தவள், ஆற்றில் அவமானத்தோடு உட்கார்ந்திருந்தவளிடம், முதலில் சொல்லத் தகுந்த வார்த்தை எதுவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கு அது வேண்டும்.

பாஞ்சாலி வாசலில் போய் நின்றால், "யாரு?" என்பாள். அவள் பெயர் எனக்குத் தெரியும். என் பெயர் அவளுக்குத் தெரியாது. பெயரைச் சொல்வேன். அதற்கு மேல் என்ன சொல்வது?

பஸ் காலை ஆறரைக்கு. அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள்.